எந்தக் கல்லூரிக்கு மனுப் போடுவது?



கூலாய், குளுவாங், சிகாமட், லாபிஸ் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு பிள்ளை எஸ்.டி.பி.எம். தேர்வை நன்றாக எழுதிவிட்டால் போதும், பெரட்டுக் களத்திலிருந்து கோயில் திண்ணைவரை அதே பேச்சுத்தான். "சிங்கப்பூருக்கு அனுப்பி இஞ்சினியருக்குப் படிக்க வையுங்கள்" என்பார் ஒருவர். "எது பெரிய பல்கலைக்கழகமோ அதற்கு மட்டும் மனுப் போடுங்கள், மற்றதெல்லாம் வீண்" என்பார் இன்னொருவர். மூன்றாமவர், தேக்கா பக்கத்தில் தமக்குத் தெரிந்த ஏஜெண்டு இருப்பதாகவும், முன்பணம் கட்டினால் இடம் உறுதி என்றும் சொல்வார். மூவரும் நல்லெண்ணத்தோடு சொல்வதாகவே வைத்துக்கொள்வோம். ஆனால் இந்தப் பேச்சில் ஒரு கேள்வி விட்டுப்போகிறது. நான்கு ஆண்டுப் படிப்புக்கும் அதற்குப் பிந்திய மூன்று ஆண்டு ஒப்பந்தத்துக்கும் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்கப் போகிறவர் யார்? குடியிருக்கும் வீடே வேலையோடு ஒட்டியது என்ற நிலையிலுள்ள குடும்பத்துக்கு, இதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

அதற்குப் போகுமுன் கல்லூரிகளைத் தெரிந்துகொள்வோம். சிங்கப்பூரில் அரசாங்க ஆதரவுடன் பொறியியல் பட்டப்படிப்பு நடத்தும் இடங்களில் முக்கியமானவை நான்கு. முதலாவது, கெண்ட் ரிட்ஜ் குன்றின்மேல் உள்ள சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம். இதன் பொறியியல் துறை சிங்கப்பூர் பாலிடெக்னிக்கில் முளைத்து, 1969-இல் அன்றைய சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்துக்கு மாறியது. 1980-இல் அந்தப் பல்கலைக்கழகமும் நன்யாங் பல்கலைக்கழகமும் இணைந்து இப்போதைய பெயர் வந்தது. இரண்டாவது, ஜூரோங் மேற்கிலுள்ள நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். நாட்டுக்குப் பொறியாளர்கள் போதவில்லை என்பதற்காகவே 1981-இல் ஒரு தொழில்நுட்பக் கழகமாக அமைக்கப்பட்டு, மறு ஆண்டு மாணவர்களைச் சேர்த்து, 1991-இல் பல்கலைக்கழகமானது. 1950-களில் அங்கே முதற் கட்டடங்கள் எழும்பியபோது அது ரப்பர் மரங்கள் நின்ற மேட்டுநிலம். பால்வெட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை அங்கே போய் மின்னணுவியல் படிப்பதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

மூன்றாவது, சிங்கப்பூர் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகம். 2012-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. இப்போது அப்பர் சாங்கி ரயில் நிலையத்தை ஒட்டி இருக்கிறது. இங்கே முதல் மூன்று பருவங்கள் எல்லாருக்கும் பொதுப்பாடம்; பிறகே துறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான்காவது, சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகம். 2014-இல் தன்னாட்சிப் பல்கலைக்கழகமாகி, 2024-இல் பொங்கோலில் பெரிய வளாகம் திறந்தது. மாணவர்களைப் பல மாதங்கள் உண்மையான வேலையிடத்தில் அமர்த்திப் பாடத்தோடு வேலையையும் சேர்த்துக் கற்பிப்பது இதன் முறை. பாலிடெக்னிக் டிப்ளோமா பெற்றவர்களே இங்கே மிகுதி.

இவற்றுள் எது சிறந்தது என்று கேட்டால், முதல் இரண்டும் உலகத் தரவரிசையில் உயர்ந்த இடத்தில் நிற்பவை, அதில் ஐயமில்லை. ஆனால் தரவரிசை என்பது பெரும்பாலும் ஆராய்ச்சியையும் பேராசிரியர்களையும் எடைபோடும் தராசு. உங்கள் மகளுக்குக் கட்டடப் பொறியியல் பிடிக்குமா, இயந்திரம் பிடிக்குமா என்பதை அந்தத் தராசு சொல்லாது. ஆகவே கல்லூரியின் பெயரைப் பார்க்குமுன் துறையைப் பாருங்கள். துறை இன்னும் மனத்தில் தெளியாத பிள்ளைக்கு, முதலில் பொதுப்பாடம் வைத்துப் பிறகு பிரிக்கும் படிப்பு ஏற்றது. எனக்கு மின்சாரம்தான் என்று பத்தாம் வயதிலிருந்தே கம்பியும் மின்கலமுமாகத் திரியும் பிள்ளைக்கு அந்தத் துறையையே நேராகக் கேட்பது நல்லது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பொறியியல் பட்டத்துக்கு வெளிநாடுகளில் மதிப்பளிக்க 1989-இல் வாஷிங்டன் உடன்படிக்கை என்று ஒன்று ஏற்பட்டது. அதில் சிங்கப்பூர் 2006-லும் மலேசியா 2009-லும் முழு உறுப்பு நாடுகளாயின. ஒரு நாட்டில் அங்கீகாரம் பெற்ற பொறியியல் படிப்பை மற்ற உறுப்பு நாடுகளும் சமமாகக் கருத வேண்டும் என்பது அதன் சாரம். அங்கீகாரம் அளிக்கப்படுவது படிப்புக்கு. கல்லூரிக்கு மொத்தமாக அன்று. ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரு படிப்பு அந்தப் பட்டியலில் இருக்கும், புதிதாகத் தொடங்கிய இன்னொன்று இராது. படித்து முடித்து ஜொகூருக்கே திரும்பிப் பொறியாளராகப் பதிவு செய்ய நினைப்பவர்கள், தாங்கள் கேட்கும் படிப்பை மலேசியப் பொறியாளர் வாரியம் ஏற்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, பிள்ளையின் கையிலுள்ள பாடங்கள். கணிதம் இல்லாமல் பொறியியல் இல்லை. பெரும்பாலான துறைகளுக்கு இயற்பியலும் வேண்டும். இது ஆறாம் படிவத்தில் எடுக்கும் முடிவன்று, நான்காம் படிவத்தில் கூடுதல் கணிதத்தை எடுப்பதா விடுவதா என்னும்போதே பாதை பிரிந்துவிடுகிறது. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தமிழில் கணக்குப் படித்து, இடைநிலைப் பள்ளியில் மலாய்க்கு மாறி, சிங்கப்பூரில் ஆங்கிலத்தில் அதே கணக்கைப் போட வேண்டிய பிள்ளை மூன்று மொழிகளைத் தாண்டி வருகிறது. அது குறைபாடு ஆகாது. ஆனால் ஆங்கிலத் தேர்வுச் சான்று தேவைப்படலாம் என்பதால், அதற்கான பயிற்சியைத் தள்ளிப்போடக் கூடாது. இன்னொன்று: ஒரு தனியார் கல்லூரியில் படித்த அடிப்படைக் கல்விச் சான்றிதழ் பெரும்பாலும் அந்தக் கல்லூரியின் பட்டப்படிப்புக்கு மட்டுமே செல்லும். சிங்கப்பூருக்கு அதைக் கொண்டு மனுப் போடலாம் என்று நினைத்து ஓர் ஆண்டையும் பணத்தையும் செலவழித்துவிட்டுப் பிறகு விழிப்பவர்கள் உண்டு.

எஸ்.பி.எம். முடித்தவுடனேயே சிங்கப்பூரின் ஐந்து பாலிடெக்னிக்குகளில் ஒன்றில் சேர முயலும் வழியும் இருக்கிறது. மூன்றாண்டு டிப்ளோமா. நன்றாகத் தேறினால் அதே துறைப் பட்டப்படிப்பில் சில பாடங்களுக்கு விலக்குக் கிடைப்பதுண்டு. கையால் செய்து கற்கும் பிள்ளைகளுக்கு இது நல்ல வழி என்பது என் கருத்து. டிப்ளோமாவோடு நிறுத்திக்கொள்ள நேர்ந்தாலும் கையில் ஒரு தொழில் இருக்கும்.

இனிப் பணத்துக்கு வருவோம். சிங்கப்பூர் அரசாங்கம் 1980 முதல் படிப்புக் கட்டண மானியம் வழங்கி வருகிறது. அயல்நாட்டு மாணவரும் இதைப் பெறலாம். மானியம் இல்லாவிட்டால் பொறியியலுக்கு ஆண்டுக் கட்டணம் 40,000 சிங்கப்பூர் வெள்ளியை நெருங்கும். 2023-ஐ ஒட்டிய ஆண்டுகளில், மானியம் பெற்ற அயல்நாட்டு மாணவருக்குச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கட்டணம் ஆண்டுக்கு 17,000 வெள்ளிக்கு மேல். சிங்கப்பூர்க் குடிமகனுக்கு 8,000 வெள்ளிக்குச் சற்று மேல். கட்டணம் ஆண்டுதோறும் மாறும். நீங்கள் மனுப் போடும் ஆண்டின் கணக்கைப் பல்கலைக்கழகத்திடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

"வங்கிக் கடன் தொண்ணூறு விழுக்காடு கிடைக்குமாமே" என்று பலர் கேட்பார்கள். கிடைக்கும். ஆனால் எதில் தொண்ணூறு விழுக்காடு? படிப்புக் கட்டணக் கடன் என்பது குடிமகன் கட்டும் தொகையை அளவுகோலாக வைத்தே கணக்கிடப்படுகிறது. 8,000-இல் தொண்ணூறு விழுக்காடு 7,200. நீங்கள் கட்ட வேண்டியதோ 17,000. மீதி ஏறத்தாழ 10,000 வெள்ளியை ஒவ்வோர் ஆண்டும் வேறு வழியில் தேட வேண்டும். அதற்கு இன்னொரு கடன் உண்டு, அதற்கும் தனி விதி உண்டு. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் செலவு இதில் சேரவில்லை. ஜொகூர் பாருவிலிருந்து தினமும் பாலம் கடந்து போய் வரலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள், ஆய்வுக்கூட வகுப்பு முடிந்த மாலையில் பாலத்தில் நிற்கும் நெரிசலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும். முதல் ஆண்டிலாவது விடுதியில் இருப்பதே நல்லது.

இந்த மானியம் சும்மா வருவதன்று. அயல்நாட்டு மாணவர் அரசாங்கத்தோடு ஓர் ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். பட்டம் பெற்றபின் சிங்கப்பூரில் உள்ள ஒரு நிறுவனத்தில் மூன்று ஆண்டு வேலை பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை. பிணையாளர் இருவரும் கையெழுத்திட வேண்டும். நிபந்தனையை மீறினால் மானியத் தொகையை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். மாணவர் கட்டாவிட்டால் பிணையாளரைக் கேட்பார்கள். நான்கு ஆண்டு மானியத்தைக் கூட்டினால் அது ஒரு தோட்டத் தொழிலாளி பல ஆண்டுகளில் சம்பாதிக்கும் தொகை. மூன்று ஆண்டு வேலை என்றதும் அரசாங்கமே வேலை கொடுக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. வேலையை மாணவரேதான் தேடிக்கொள்ள வேண்டும், அதற்கு வேலை அனுமதியும் பெற வேண்டும். இதைச் சொல்வது பயமுறுத்துவதற்காக அன்று. பொறியாளருக்குச் சிங்கப்பூரில் வேலைக்குப் பஞ்சமில்லாத துறைகள் பல. பெரும்பாலானவர்கள் மூன்று ஆண்டை முடித்து, கடனையும் அடைத்து, தம்பி தங்கையையும் தூக்கிவிடுகிறார்கள். ஆனால் பிணைக்கு உறவினரைக் கேட்கப் போகும்போது, "சும்மா ஒரு கையெழுத்துத்தான், மாமா" என்று சொல்லிக் கேட்பது நியாயமாகாது. பத்திரத்தை அவருக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டிய பிறகே பேனாவைக் கொடுக்க வேண்டும்.

நன்றாகத் தேறிய பிள்ளைகள் ஆசியான் நாட்டு மாணவருக்கான உபகாரச் சம்பளத்துக்கும் மனுப் போட வேண்டும். தேசியப் பல்கலைக்கழகமும் நன்யாங்கும் அதை அளிக்கின்றன. மானியம் போக மீதிக் கட்டணத்தை அது ஏற்று, செலவுக்கும் படி கொடுக்கிறது. அதற்கெனத் தனி ஒப்பந்தம் இல்லை. மானியத்துக்குரிய மூன்று ஆண்டு மட்டும் இருக்கும். லிட்டில் இந்தியாவில் பீட்டி சாலையிலுள்ள சிண்டாவில் உதவி கேட்கலாமே என்று சிலர் வருவார்கள். 1991-இல் தொடங்கிய அந்தச் சங்கம் வசதி குறைந்த இந்தியர் குடும்பங்களுக்குப் பெரிய துணை. ஆனால் அதன் பண உதவி சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. ஜொகூர்ப் பிள்ளைகள் கேட்க வேண்டிய இடங்கள் வேறு: 1984-இல் அமைந்த எம்.ஐ.இ.டி. கல்விக் கடன், தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். உறுப்பினர் பிள்ளைகளுக்கு அந்த ஆண்டு என்ன உதவி உண்டு என்று கிளை அலுவலகத்தில் நேரே கேளுங்கள்.

ஏஜெண்டு விஷயத்துக்கு அதிக நேரம் வேண்டாம். மேற்சொன்ன நான்கு பல்கலைக்கழகங்களுக்கும் மாணவர் தாமே மனுப் போடலாம்; இடத்தை உறுதி செய்து தர வெளியாள் எவராலும் முடியாது. ஏஜெண்டு காட்டுவது தனியார் பள்ளியாக இருந்தால், எடுடிரஸ்ட் முத்திரை இருக்கிறதா, கட்டும் பணத்துக்குக் காப்புத் திட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். 2009-இல் போலிப் பட்டம் கொடுத்த ஒரு தனியார் பள்ளி மூடப்பட்டது; அதே ஆண்டில்தான் தனியார் கல்விச் சட்டம் வந்தது. தனியார் பள்ளிக்கு மேற்சொன்ன மானியம் கிடையாது. அதில் படிக்கும் வெளிநாட்டு மாணவர் பகுதிநேர வேலை செய்யவும் அனுமதியில்லை. "படித்துக்கொண்டே சம்பாதிக்கலாம்" என்று சொல்கிற ஏஜெண்டை அந்த ஒரு வார்த்தையிலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

ஆக, எத்தனை இடத்துக்கு மனுப் போடுவது? மதிப்பெண் சற்று எட்டாதது போலத் தோன்றும் துறை ஒன்று. கையில் உள்ள மதிப்பெண்ணுக்குப் பொருந்தும் துறைகள் இரண்டு மூன்று. சிங்கப்பூர்க் கதவு திறக்காவிட்டாலும் படிப்பு நிற்காமலிருக்க உள்நாட்டில் ஒன்று. இந்தக் கடைசி மனுவைக் கௌரவக் குறைவாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்கூடாயில் இருக்கும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பொறியியலுக்கே பெயர் பெற்றது. கட்டணம் சிங்கப்பூரோடு ஒப்பிட முடியாத அளவு குறைவு. 1997-இல் ஏற்பட்ட பி.டி.பி.டி.என். கடனும் உண்டு. சிங்கப்பூரில் உபகாரச் சம்பளம் இல்லாமல் வெறும் இடம் மட்டும் கிடைத்து, இங்கே ஸ்கூடாயிலும் இடம் கிடைத்தால், மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு நான் ஸ்கூடாயையே சொல்வேன்.

சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களின் மனுவில் பல துறைகளை வரிசைப்படுத்தக் கேட்பார்கள். அந்த வரிசையைப் பிள்ளையே எழுதட்டும். மனுப் போடும் காலம் ஒவ்வொரு சான்றிதழுக்கும் வெவ்வேறு. இறுதி முடிவு கைக்கு வருமுன்பே தொடங்குவதும் உண்டு. ஆகவே முடிவுக்காகக் காத்திராமல் ஆண்டு இறுதியிலேயே பல்கலைக்கழக இணையப் பக்கத்தில் தேதியைப் பார்த்து நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகங்கள் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாள் ஒன்று ஆண்டுதோறும் வரும். லார்க்கினிலிருந்து 170-ஆம் எண் பேருந்தில் தேக்காவுக்குக் காய்கறி வாங்க வருகிற குடும்பங்கள், ஒரு முறை அந்த நாளில் கெண்ட் ரிட்ஜுக்கோ ஜூரோங்குக்கோ பிள்ளையோடு போய்ப் பார்க்கலாம். ஆய்வுக்கூடத்தைப் பார்த்துவிட்டு, கட்டண மேசைக்குப் போய் இரண்டு தாள்களைக் கேட்டு வாங்கி வாருங்கள்: அந்த ஆண்டின் அயல்நாட்டு மாணவர் கட்டணப் பட்டியல், மானிய ஒப்பந்தப் பத்திரத்தின் மாதிரி. பிணைக்கு நிற்கப் போகிறவரும் உடன் வந்தால் இன்னும் நல்லது.