கான்ஃபிக் நகல் யார் கையில்?

யுபிஎஸ் பேட்டரி தீர்ந்து கரண்ட் ஒரு நிமிடம் போய் வரும். ஸ்விட்சில் விளக்குகள் பச்சையாகத்தான் மின்னும், ஆனால் பில்லிங் ஓடாது, பிரிண்டர் வராது. முன்பொரு நாள் பராமரிப்பு ஒப்பந்தக்கார (ஏ.எம்.சி.) ஆள் செய்துவிட்டுப் போன மாற்றங்கள் மொத்தமும் காணாமல் போயிருக்கும். கல்லூரிகளிலும் சிறு மருத்துவமனைகளிலும் இதையே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

சிஸ்கோ ஸ்விட்சில் ஓடிக்கொண்டிருக்கும் கான்ஃபிக் ரேமில் இருக்கிறது. மின்சாரம் போனால் அழிந்துவிடும். நிலைக்க வேண்டுமென்றால் 'காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்' என்று ஒரு வரி அடிக்க வேண்டும். அதற்குத்தான் சோம்பல். சர்வீஸ் ரிப்போர்ட்டை நீட்டுபவரிடம் "சேவ் பண்ணியாச்சா?" என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சேவ் செய்வது பேக்கப் ஆகாது. பெட்டி எரிந்தால் உள்ளே இருப்பதும் போகும். நகல் வெளியே வேறிடத்தில் இருக்க வேண்டும். டிஎஃப்டிபி-யில் எடுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அதில் பாஸ்வேர்டும் இல்லை, என்கிரிப்ஷனும் இல்லை. எஸ்சிபி-யில் எடுங்கள். கோப்பில் 'டைப் 7' பாஸ்வேர்டு இருந்தால் யாரும் நொடியில் பிரித்துவிடலாம். எனவே அந்தக் கோப்பை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். கிளவுடில் இருந்தால் கவலையில்லை என்றும் இருக்காதீர்கள்: வாடிக்கையாளர்களின் ஃபயர்வால் கான்ஃபிக் பேக்கப்புகள் தன் கிளவுடிலிருந்தே களவு போனதை 2025 செப்டம்பரில் சோனிக்வால் நிறுவனமே ஒப்புக்கொண்டது.

நகல் இருந்தும் பலர் சறுக்குவது திரும்பப் போடும்போதுதான். பழைய கோப்பை ரன்னிங்-கான்ஃபிக்கில் காப்பி செய்தால் இருப்பதோடு கலந்துவிடும். தப்பான வரிகள் அப்படியே தங்கும். முழுதாக மாற்ற 'கான்ஃபிகர் ரிப்ளேஸ்' வேண்டும். புது ரவுட்டரில் போர்ட்டுகள் ஷட்டவுனில் இருக்கும், கோப்பிலோ 'நோ ஷட்டவுன்' வரி இருக்காது. கையால்தான் அடிக்க வேண்டும். ஸ்விட்சுகளில் விலான் பட்டியல் பெரும்பாலும் ஃபிளாஷில் 'விலான்.டேட்' என்ற தனிக் கோப்பில் கிடக்கும், அதையும் எடுத்து வையுங்கள். மைக்ரோடிக்கில் பைனரி பேக்கப் அதே பெட்டிக்கானது. வேறு மாடலுக்குப் போட 'எக்ஸ்போர்ட்' கோப்பு வேண்டும். அதில் யூசர் பாஸ்வேர்டுகள் வராது. பழைய ஸ்விட்ச் ஒன்றில் போட்டுப் பார்க்காத நகலை நம்பாதீர்கள்.

அடுத்தது வெண்டர். அட்மின் பாஸ்வேர்டைக் கேட்டால், "நாங்க பாத்துக்கிறோம் சார்" என்பார். பெட்டி உங்கள் பணத்தில் வாங்கியது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் கான்ஃபிக் நகல் அலுவலகத்துக்கு வர வேண்டும், அட்மின் பாஸ்வேர்டு சீலிட்ட உறையில் அலுவலகப் பொறுப்பாளரிடம் இருக்க வேண்டும், இவை வந்த பிறகே கடைசி பில் என்று ஒர்க் ஆர்டரிலேயே எழுதுங்கள். ஏற்கெனவே கையெழுத்தாகியிருந்தால் கடிதமாகக் கேட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். போனில் கேட்டதற்குச் சாட்சி இல்லை. வேறு வழியே இல்லையென்றால் கன்சோல் கேபிள் போட்டு பாஸ்வேர்டு ரெகவரி செய்யலாம். ஆனால் பெட்டியில் அந்த வசதி முடக்கப்பட்டிருந்தால் கான்ஃபிக்கையே இழப்பீர்கள்; முதலில் அதை விசாரியுங்கள்.

ரவுட்டருக்குள் யாராவது புகுந்துவிட்டது தெரிந்தால் மூடி மறைக்காதீர்கள். இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் போட்ட 2022 ஏப்ரல் 28 உத்தரவின்படி 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். கட்டணமில்லா எண் 1800-11-4949. லாகுகளை 180 நாள் வைத்திருக்கவும் அதே உத்தரவு சொல்கிறது. கமிட்டி கூட்டி முடிவெடுக்க அந்த 6 மணி நேரம் போதாது. தகவல் கொடுப்பது யார் பொறுப்பு என்று இப்போதே ஆபீஸ் ஆர்டர் போட்டுவிடுங்கள்.