பத்துப் பேர் அனுப்பினால் பத்துச் சாட்சிகளா?

பௌர்ணமிதோறும் கிரிவலம் வரும் அயலூராரை வரவேற்றுப் பழகியது திருவண்ணாமலை. அதே மாவட்டத்தில், போளூரை அடுத்த அத்திமூர்ப் பகுதியில், 2018ஆம் ஆண்டு மே 9ஆம் நாள், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பத்தினர் வழி கேட்டனர். அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தனர். பிள்ளை பிடிப்பவர்கள் என்ற ஐயம் எழுந்தது. கூட்டம் திரண்டு தாக்கியதில் 65 வயது மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார்.

அடித்தவர்கள் இயல்பிலேயே கொடியவர்களா? அவ்வாறு கூறிவிடுவது எளிது. ஆனால், கடத்தற்கும்பல் வந்துள்ளதாக வாட்ஸ்அப் செய்திகள் அப்போது வடமாவட்டங்களெங்கும் பரவியிருந்தன. அவ்வாண்டு இந்தியாவில் உலவிய காணொளி ஒன்று, கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்கென எடுக்கப்பட்டதாகும். குழந்தை திரும்ப ஒப்படைக்கப்படும் இறுதிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டனர். நடிப்பு, நடந்த நிகழ்ச்சியாயிற்று.

வதந்தி பழையது, அதைத் தடுத்த வாயில்களே இன்று இல்லை. நிருபர் கொணர்ந்ததைத் துணையாசிரியர் சோதிப்பது அச்சிதழின் முறை. அச்சிட்டவர், வெளியிட்டவர், ஆசிரியர் ஆகியோரின் பெயர்களை இதழில் குறிக்க வேண்டுமெனச் சட்டமும் விதித்தது. அச்சிலும் பொய் வந்ததுண்டு; எனினும் பதில்கூற ஒருவர் இருந்தார். கைமாறி வரும் கைப்பேசிச் செய்திக்கோ தொடங்கியவர் பெயரில்லை. பார்வையாளர் எண்ணிக்கையால் விளம்பர வருவாய் ஈட்டும் ஊடகங்களும் சரிபார்ப்பதைவிட முந்துவதையே நாடுகின்றன. 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகத் தொடர்பற்ற காணொளிகள் பரவியபோது, சில செய்தி நிறுவனங்களும் அதனை வெளியிட்டன. காவல்துறை மறுப்பதற்குள் அச்சம் ஊர் கடந்துவிட்டது.

2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து உரையாடல்களுக்கு மட்டுமே அனுப்ப இயலுமாறு வரம்பிட்டது. இது வேகத்தைக் குறைக்கும், உண்மையைச் சோதிக்காது.

இரண்டு மூன்று சாட்சிகளின் வாக்கினாலேயே காரியம் நிலைவரப்பட வேண்டுமென்பது உபாகமம் 19ஆம் அதிகாரத்தின் நெறி. பத்துப் பேரிடமிருந்து ஒரே செய்தி வந்தால் பத்துச் சாட்சிகள் கிடைத்ததாக மனம் மயங்குகிறது. உண்மையில் அது ஒரே கூற்றின் பத்து நகல்கள். கண்டவர் எவருமில்லையேல் ஒரு சாட்சிகூட இல்லை.

ஆகவே, சபையின் கைப்பேசிக் குழுவில் எதையும் பகிருமுன் நாம் கேட்கவேண்டியவை மூன்று: கண்டவர் யார்? எங்கே? எப்பொழுது? விடை இல்லையேல் செய்தி நம்மோடு நிற்கட்டும். ஏனெனில், “ஆயரே அனுப்பினார்” என்ற ஒரு சொல், பெயரற்ற பொய்க்கும் ஒரு பெயரைத் தந்துவிடும்.