உங்களுக்குத் தெரியுமா? காலிச் சட்டத்துக்குள் ஒரு புயல்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்தில் சில சட்டங்கள் ஓவியமே இல்லாமல் தொங்குகின்றன. 1990 மார்ச் 18 அதிகாலை, போலீஸ் உடையில் வந்த இருவர் 13 கலைப்பொருள்களைத் திருடிச் சென்றார்கள். புயலில் தத்தளிக்கும் படகை ரெம்ப்ராண்ட் 1633-இல் தீட்டிய ஓவியத்தைச் சட்டத்திலிருந்து வெட்டியே எடுத்துவிட்டார்கள். நெஞ்சு பதறுகிறது. அவர் வரைந்ததாக அறியப்படும் ஒரே கடற்காட்சி அதுதான்!

2018-இல் கியூசியம் என்ற நிறுவனம் அதைத் திரும்ப மாட்டியது, செல்போன் திரையில். காலிச் சட்டத்துக்கு நேரே கேமராவைப் பிடித்ததும், பழைய இடத்திலேயே அலையும் படகும் தெரிந்தன. சுவர் எங்கே, எவ்வளவு தூரம் என்று போன் கணித்துக்கொண்டே இருந்ததால், பார்ப்பவர் நகர்ந்தாலும் ஓவியம் சட்டத்தை விட்டு நகரவில்லை. ஆக்மென்டட் ரியாலிட்டி என்பது இதுதான். சுவரில் ஓர் ஆணிகூடப் புதிதாக அடிக்க வேண்டியதில்லை. இது அருங்காட்சியகத்தின் சொந்தத் திட்டமும் அல்ல; வெளியார் தாமாகச் செய்தது.

அசல் ஓவியங்கள் இன்னும் கிடைக்கவில்லை. துப்புக் கொடுப்பவருக்கு அருங்காட்சியகம் அறிவித்திருக்கும் பரிசு 1 கோடி டாலர்.