டீ ஃபேக்டரியை வாங்கினா பழைய பாக்கியும் கூடவே வருமா?

குன்னூர் பக்கம் ஒரு டீ ஃபேக்டரி விலைக்கு வருதுன்னு வெச்சுக்கங்க. சொந்தத் தோட்டம் கிடையாது; சிறு விவசாயிகள்கிட்ட பச்சை இலை வாங்கி டீத்தூள் ஆக்குற ஃபேக்டரி. கம்பெனியோட ஷேரை வாங்கினா, யாரோ எழுதின கோடை அப்படியே எடுக்கிற மாதிரி. உள்ள இருக்கிற எல்லா பக்கும் இனி உங்களோடது. சொத்துகளை மட்டும் வாங்குற ஒப்பந்தம்னா கட்டடம், மெஷின், பிராண்ட் பேர்னு பட்டியல் போட்டு எடுக்கிறீங்க. "பட்டியல்ல இல்லாத கடன் விற்பவருடையது"ன்னு ஒரு வரியும் சேர்ப்பாங்க.

அந்த வரியை ரொம்ப நம்பாதீங்க. பி.எஃப். விஷயத்துல சட்டப்படி, ஃபேக்டரி கைமாறுற தேதி வரைக்குமான பாக்கிக்கு பழைய முதலாளியும் புது முதலாளியும் சேர்ந்தே பொறுப்பு. வாங்கினவருக்கு ஒரே ஆறுதல், அவர் பெற்ற சொத்தோட மதிப்புக்கு மேல கேட்க முடியாது. உங்களுக்குள்ள எழுதிக்கிட்டது பி.எஃப். ஆபீஸைக் கட்டுப்படுத்தாது. அதனால "பாக்கி வந்தா விற்பவர் ஈடு கட்டணும்"னு எழுதறதோட நிக்காம, விலையில ஒரு பகுதியைக் கொஞ்ச காலம் பிடிச்சு வைக்கணும். எல்லாத்தையும் வித்துட்ட கம்பெனிகிட்ட அப்புறம் என்ன இருக்கும்?

தோட்டமும் சேர்ந்து வருதுன்னா நிலத்தைப் பாருங்க, அதுவும் கூடலூர் பக்கம்னா ரெண்டு தடவை. அங்க பல எஸ்டேட்டுகள் நிலம்பூர் கோவிலகத்துகிட்ட குத்தகைக்கு எடுத்த ஜென்ம நிலத்துல வந்தவை. அந்த ஜென்ம உரிமையை ஒழிக்க 1969-ல தமிழ்நாடு சட்டம் போட்டுச்சு. அந்தச் சட்டத்துல இருந்து கிளம்பினதுதான் ஐ.ஆர். கொயலோ வழக்கு. 2007 ஜனவரியில, அரசியலமைப்போட ஒன்பதாவது அட்டவணையில வெச்ச சட்டத்தையும் கோர்ட் பரிசீலிக்கலாம்னு ஒன்பது நீதிபதிகள் சொன்னாங்க. லா காலேஜ்ல எல்லாரும் படிக்கிற தீர்ப்பு. வேர் நம்ம தேயிலைக் காட்டுல! விற்பவர் கையில இருக்கிறது பட்டாவா, தகராறுல இருக்கிற குத்தகையான்னு பார்க்காம "நிலம்"னு ஒரே வார்த்தையில எழுதிடாதீங்க. அவர்கிட்ட இல்லாத உரிமையை அவரால விக்க முடியாது.

இன்னொண்ணு, இலைக் காசு. பி.எஃப்.-க்கு இருக்கிற மாதிரி பாதுகாப்பு இதுக்குக் கிடையாது. ஃபேக்டரி கைமாறினதும், ரெண்டு மாசமா இலை போட்ட விவசாயி சொத்தே இல்லாத பழைய கம்பெனி பின்னாடி அலையணும். நான் வாங்குறவனா இருந்தா, யாருக்கு எவ்வளவு பாக்கின்னு பட்டியலா இணைச்சு, கைமாறுற அன்னைக்கே விலையில கழிச்சு நேரா அவங்க பேங்க் கணக்குல போட்டுடுவேன். அடுத்த நாள் காலையில இலை வேணும்ல?