சிதறல் குறுக்குவெட்டு: சொல்லும் பொருளும்

கண்ணுக்குப் புலனாகாத அணுக்கருவை அறிஞர் அறிந்தது எங்ஙனம்? 1909-இல் மான்செஸ்டரில் கைகரும் மார்சுடனும் பிளாட்டினத் தகட்டின்மீது ஆல்ஃபாத் துகள்களைச் செலுத்தினர். ஏறத்தாழ 8000-இல் ஒன்று திரும்பி வந்தது. இத்தகைய சிதறல்களை ஆராய்ந்தே 1911-இல் ரூதர்ஃபோர்டு அணுவின் நடுவே மிகச்சிறு கரு உண்டென்றார்.

சிதறல் நிகழும் வாய்ப்பைப் பரப்பளவாகக் கூறுவதே ‘சிதறல் குறுக்குவெட்டு’. சொல்லைக் கண்டு, எதையோ அறுத்த முகம் என நாம் மயங்கலாகாது. கருவின் மெய்யான பரப்பும் இஃதன்று. மோதும் துகளோ அதன் ஆற்றலோ மாறின், ஒரே கருவுக்கும் இம்மதிப்பு மாறும். இதன் அலகு ‘பார்ன்’, 10⁻²⁸ சதுர மீட்டர். அணுக்கரு அளவில் இது பெரிதாதலின், களஞ்சியம் எனப் பொருள்படும் இப்பெயரை 1942-இல் அமெரிக்க இயற்பியலார் வேடிக்கையாக இட்டனர்.

கலைச்சொல்லை மனனம் செய்வதோடு அமையாது, அது சுட்டும் பொருளை வினவித் தெளிதல் நம் கடன்.