மண்ணின் உயிரும் உழவரின் உரிமையும்

தொழுவத்திலிருந்து வயலுக்குச் செல்லும் எருவைப் பயிர் நேராக உண்பதில்லை. மண்ணில் வாசம் செய்யும் கோடானுகோடி நுண்ணுயிர்களும் பூஞ்சணங்களும் மண்புழுக்களுமே அதை முதலில் உண்டு, மக்கச் செய்து, வேர் உறிஞ்சத்தக்க உப்புக்களாக மாற்றித் தருகின்றன. ஆகையால், இயற்கை முறையில் பயிர் வளர்க்க விரும்புவோர், கடையில் எந்த மூட்டையை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன்னர், தம் நிலத்திலுள்ள அந்த ஜீவராசிகளுக்குப் போதிய ஆகாரம் இருக்கிறதா என்று விசாரித்தறிவதே முறையாகும்.

அதற்கு மண் பரிசோதனை உதவுகிறது. மத்திய அரசு 2015-ஆம் ஆண்டில் ஆரம்பித்த மண்வள அட்டைத் திட்டத்தின்படி, தழை, மணி, சாம்பல் சத்துக்கள் முதலாக 12 அம்சங்கள் சோதிக்கப்படுகின்றன. அவற்றுள் மண்ணின் ஜீவசக்திக்கு ஆதாரமானது அங்ககக் கரிமம். அது 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவென்றும், 0.75-க்கு மேற்பட்டால் மிகுதியென்றும் கொள்வர். அறுவடை முடிந்ததும், வரப்போரத்தையும் மரநிழலையும் எருக் கிடந்த இடத்தையும் விலக்கி, வயலின் பல இடங்களில் உழவு ஆழத்துக்கு மண் எடுத்து, நன்கு கலந்து, அதில் அரைக் கிலோ அளவை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் ஒப்படைக்கலாம்.

குறையை நிரப்பும் உபாயங்களிற் பெரும்பாலானவை அதிகப் பொருட்செலவு இல்லாதவை. தக்கைப்பூண்டையோ சணப்பையோ விதைத்து, பூக்கும் பருவத்தில், ஏறக்குறைய 45 நாளில், மடக்கி உழலாம். பயறு வகைகளை மாற்றுப் பயிராக இட்டால், அவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் என்னும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைக் கிரகித்துத் தரும். அறுவடைத் தாளைக் கொளுத்தாமல் மூடாக்காகப் பரப்பினால், ஈரமும் காக்கப்படும், மண்புழுவும் பெருகும்.

ஆயினும் இம்முறையிலும் அபாயங்கள் உண்டு. நன்கு மக்காத சாணத்தோடு களை விதைகளும் நோய்க்கிருமிகளும், தென்னைக்குப் பகையான காண்டாமிருக வண்டின் புழுக்களும் தோட்டத்துக்குள் வந்து சேரும். மக்காத வைக்கோலையும் மரத்தூளையும் மண்ணிற் புதைத்தால், அவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்வதால், பயிர் வெளிறி மஞ்சளித்துப் போகும். தரம் பிரிக்காத நகரக் குப்பையிலிருந்து செய்த உரத்தில் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் கலந்திருக்கக்கூடும். இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்துவதும் விவேகமன்று: 2021-இல் இலங்கை அரசு அதன் இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்து, விவசாயிகளின் எதிர்ப்பினால் அவ்வாண்டு நவம்பரில் தடையைக் கைவிட்டபோதிலும், பெரும்போகம் என்னும் அப்பருவத்தின் நெல் விளைச்சல் வெகுவாகக் குன்றிப் போயிற்று. மண்ணின் உயிர் மீண்டு பெருகுவதற்குப் பல பருவங்கள் ஆகுமாதலால், படிப்படியான மாற்றமே க்ஷேமமானது.

உரத்தை விலைக்கு வாங்க நேருமிடத்துச் சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையில், உயிர் உரங்களும் அங்கக உரங்களும் 2006-இல் சேர்க்கப்பட்டு, அவற்றுக்கும் தர நிர்ணயம் ஏற்பட்டது. ரசீது கொடுப்பது விற்பனையாளரின் கடமை. கேட்டுப் பெறுவது நம் உரிமை. உயிர் உரப் பொட்டலத்தில் தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தொகுதி எண், தயாரிப்பாளரின் முகவரி ஆகியவை இல்லையேல் வாங்கலாகாது. வாங்கியதை வெயிலில் வைக்கவோ இரசாயன உரத்தோடு கலக்கவோ கூடாது, அதிலுள்ள உயிர்கள் மாண்டுபோகும்.

தரத்தில் ஐயம் எழுந்தால், எஞ்சிய உரத்தையும் பையையும் ரசீதையும் பத்திரப்படுத்தி, வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடம் எழுத்து மூலம் புகார் செய்யவேண்டும். கடையிலுள்ள சரக்கில் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பும் அதிகாரம் உர ஆய்வாளருக்கு உண்டு. நஷ்டஈடு பெற விரும்புவோர், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாயின் கட்டணம் கிடையாது. விவசாயியும் நுகர்வோரே என்பதை, விதை சம்பந்தமான வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2012-இல் உறுதி செய்திருக்கிறது. ஆலோசனைக்கு 1915 என்ற தேசிய உதவி எண் உள்ளது.

ஆகவே, உழவர் பெருமக்களே, வீட்டுத் தோட்டம் வைத்திருப்போரே, அடுத்த விதைப்புக்கு முன்னர் மண்ணைச் சோதித்தறியுங்கள். நிலத்தில் விளைந்த தழையையும் தாளையும் நிலத்துக்கே கொடுங்கள். ரசீதில்லாமல் எந்த உரத்தையும் வாங்காதீர்கள்.