பள்ளி வளவில் இடிபட்ட வாகனம்: பிழை யாருடையது, செலவு யாருடையது?

ஜும்ஆ முடிந்து ஐந்து நிமிடம்தான் ஆகியிருக்கும். பள்ளி வளவிலிருந்து கார், வேன், ஓட்டோ, மோட்டார் சைக்கிள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. ஒரு கார் பின்னுக்கு வந்து, நின்றுகொண்டிருந்த ஓட்டோவை இடித்துவிடுகிறது. இருவரும் இறங்குமுன்பே பத்துப் பேர் கூடிவிடுகிறார்கள். "நீங்கதான் தள்ளி நிப்பாட்டியிருக்கணும்" என்று ஓட்டோக்காரருக்கே தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள்.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நெருங்கிக் கிடக்கும் எமது ஊர்களில் இந்தக் காட்சி புதிதல்ல. பல நேரங்களில் பிழையைத் தீர்மானிப்பது சட்டமல்ல, குரலும் செல்வாக்கும்தான். நாட்கூலிக்கு ஓட்டுபவருக்கு வாகனம் கராஜில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வீட்டு அடுப்பைத் தொடும் விடயம். எனவே இதன் முறையை நாம் அறிந்திருப்பது அவசியம்.

முதலில், பிழை யாருடையது? இலங்கையில் நட்டஈட்டுப் பொறுப்பு கவனயீனத்தை அடிப்படையாகக் கொண்டது. வாகனத்தைப் பின்னுக்கு எடுப்பவர் பின்னால் பாதை வெறுமையாக இருப்பதை உறுதிப்படுத்த வேண்டும். ஆகவே, நிற்கும் வாகனத்தில் மோதினால் பொதுவாகப் பிழை அவருடையதே. இரண்டு வாகனங்களும் ஒரே நேரத்தில் பின்னுக்கு வந்து மோதினால் இருவருக்கும் பங்குண்டு. பார்க்காமல் கதவைத் திறந்து, கடந்து செல்பவரின் வாகனத்தில் பட்டால் திறந்தவரே பொறுப்பு. வாசலை மறித்தோ வளைவிலோ நிறுத்தியவர், "நான் நின்றுகொண்டுதானே இருந்தேன்" என்று முழுமையாகத் தப்பிவிட முடியாது. இரு பக்கமும் கவனயீனம் இருந்தால் பொறுப்பைப் பங்கிட 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் வழி செய்கிறது. "சொந்தப் பொறுப்பில் நிறுத்தவும்" என்ற பலகை இடத்தின் சொந்தக்காரருக்காக எழுதப்பட்டது. இடித்தவருக்கு அது எந்தப் பாதுகாப்பும் தராது.

இரண்டாவது, முதல் பத்து நிமிடம். ஆளுக்குக் காயம் இருந்தால் அவரைக் கவனித்து, உடன் பொலிஸுக்கு அறிவிப்பதே முதல் வேலை. காயம் இல்லையென்றால், வாகனங்களை நகர்த்துமுன் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். சேதத்தை மட்டும் கிட்ட நின்று எடுத்தால் போதாது. இரண்டு வாகனங்களும் நின்ற நிலை, சில்லு திரும்பியிருந்த பக்கம், இலக்கத் தகடுகள் எல்லாம் தெரியத் தூர நின்றும் எடுக்க வேண்டும். பெயர், தொலைபேசி இலக்கம், சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ் ஆகியவற்றைப் பரிமாறிக்கொள்ளுங்கள். அருகிலுள்ள கடையில் சீசீடிவி கமரா இருந்தால் அன்றைக்கே கேளுங்கள். பழைய பதிவுகள் தானாக அழிந்துவிடும். இடிபட்ட வாகனத்தின் சொந்தக்காரர் அங்கு இல்லையென்றால் பெயரையும் இலக்கத்தையும் எழுதி வைத்துவிட்டுப் போவதே நேர்மை.

மூன்றாவது, காப்புறுதி. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி, பிறருக்கு ஏற்படும் மரணத்துக்கும் உடற்காயத்துக்குமானது. பிறருடைய வாகனச் சேதம் அதில் தானாக அடங்குவதில்லை. அதைத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். "தேர்ட் பார்ட்டி இருக்கு, அவங்க கட்டுவாங்க" என்று சொல்லுமுன் உங்கள் பத்திரத்தை ஒரு தடவை வாசித்துப் பாருங்கள்.

முழுக் காப்புறுதி வைத்திருப்பவர் அந்த இடத்திலிருந்தே கம்பனிக்கு அழைப்பெடுக்க வேண்டும். மதிப்பீட்டாளர் நேரில் வந்து பார்ப்பார். ஆனால் சிறிய சேதத்துக்குக் கோரிக்கை வைக்குமுன் கணக்குப் பார்ப்பது நல்லது. உதாரணமாக, உங்கள் வருடக் கட்டணம் 100,000 ரூபா, கோரிக்கையின்மைக் கழிவு 30 வீதம் என்றால் நீங்கள் கட்டுவது 70,000 ரூபா. திருத்தச் செலவு 20,000 ரூபா, அதில் நீங்கள் ஏற்க வேண்டிய முதல் பங்கு 10,000 ரூபா என்றால் கையில் கிடைப்பது 10,000தான். அதற்காக அடுத்த வருடம் 30,000 ரூபா கழிவை இழக்க நேரலாம்.

அதனால்தான் பலரும் கைக்காசு கொடுத்துப் பேசி முடிக்கிறார்கள். சமாதானம் நல்லதுதான். ஆனால் வாய்வார்த்தையோடு விட்டால், மூன்று நாள் கழித்து "உள்ளுக்கும் உடைஞ்சிருக்கு" என்று இன்னொரு தொலைபேசி அழைப்பு வரும். கடனை எழுதிக்கொள்ளும்படி பணிக்கும் வசனம்தான் அல்குர்ஆனிலேயே மிக நீளமானது. அந்தச் சமூகத்துக்கு ஒரு துண்டுக் காகிதம் பாரமாகக் கூடாது. திகதி, வாகன இலக்கங்கள், தொகை, "இத்துடன் இவ்விடயம் முடிந்தது" என்ற வரி, இரு கையொப்பம், இரு சாட்சி. இவ்வளவுதான். காப்புறுதியிலும் கோர நினைத்தால், அவர்களிடம் கேட்காமல் பிழையை ஏற்றுக் காசு கொடுக்காதீர்கள். பத்திர நிபந்தனைகள் பொதுவாக அதைத் தடுக்கின்றன.

கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். லைசன் இல்லாத மகன் ஓட்டியதை வாப்பா ஓட்டியதாகச் சொல்வது, போன வருடக் கீறலையும் இன்றைய சேதத்தோடு சேர்ப்பது ஆகியவை எம்மிடையே கெட்டித்தனமாகப் பேசப்படுகின்றன. அது கெட்டித்தனமல்ல, மோசடி. பிடிபட்டால் உண்மையான சேதத்துக்கும் நட்டஈடு கிடைக்காமல் போகலாம். தகாபுல் என்றாலும் வழமையான காப்புறுதி என்றாலும் அந்தப் பணம் எம்மைப் போன்ற மற்றவர்கள் கட்டிய பணம்தான்.

உடன்பாடு வராவிட்டால் வழி இருக்கிறது. பொலிஸில் முறைப்பாட்டைப் பதியுங்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபையில், சட்டத்தரணிக்குச் செலவழிக்காமல் பேசித் தீர்க்கலாம். நீதிமன்றம் செல்வதென்றால் நட்டஈட்டு வழக்குக்குரிய காலம் இரண்டு வருடங்கள் என்பதை மறக்க வேண்டாம். காப்புறுதிக் கம்பனி நியாயமின்றி மறுத்தால் முதலில் அவர்களுக்கே எழுத்தில் முறையிடுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் செல்லலாம்.

அடுத்த முறை வளவில் "டமார்" என்று சத்தம் கேட்டால், கூடி நிற்கும் நாமும் ஒன்றை நினைவில் வைப்போம். நாங்கள் நீதிபதிகள் அல்ல, சாட்சிகள். யார் பெரியவர் என்று பார்க்காமல் கண்டதை மட்டும் சொன்னால், பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.